அரிசிலாறு அழுக்காறாகலாமா?

தேவாரத்தில் அரிசில் எனப் பெயர்பெற்ற காவிரிக் கிளையே இன்றைய அரசலாறு. குடந்தை வழியே வந்து காரைக்காலில் கடல்புகும் இவ்வாறு, நாட்டின் மாசுற்ற 351 ஆற்றுப்பகுதிகளைத் தொகுத்த நடுவண் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2018ஆம் ஆண்டுப் பட்டியலில் இடம்பெற்றது.

கழிவை உண்ணும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள உயிர்வளியையும் உண்டு தீர்க்கும். அவ்வுயிர்வளித் தேவை ஓர் இலிட்டருக்கு 3 மில்லிகிராமைக் கடப்பின், அந்நீர் குளிக்கவும் தகாது. மிகுமாயின் மீனும் மூச்சடைத்து மாயும்.

காரைக்கால் புதுவை ஆட்சியில். மேலுள்ள ஊர்கள் தமிழக ஆட்சியில். எல்லைக்கல் கழிவைத் தடுக்குமா? விடுவோரும் தமிழர், கடைமடையில் அதனைப் பெறுவோரும் தமிழர்!

தூய்விப்பு நிலையம் கட்டினால் மட்டும் போதாது. வீடுதோறும் எழும் கழிவு அதனைச் சேர்தல் வேண்டும். வெளிவரும் நீரைத் திங்கள்தோறும் ஆய்ந்து, முடிவைத் தமிழில் ஊரறிய எழுதிவைத்தல் வேண்டும். காவிரி நீருக்குப் போராடும் தமிழர், வந்த நீரைக் கெடுப்பது முறையோ? இரு ஆட்சிகளும் இணைந்து விடை கூறுக!