பாரில் இல்லாத மேடை

ராக் இசைக்குழுக்களின் வரலாறு பெரும்பாலும் ஒரு மதுவிடுதியில்தான் தொடங்கும். நாலு இளைஞர்கள், மூலையில் ஒரு சின்ன மேடை. பீட்டில்ஸ் குழுவே 1960இல் ஹாம்பர்க் மதுவிடுதிகளில் இரவெல்லாம் வாசித்துத்தான் தேறியது. இந்தக் கதையை அம்பத்தூரில் பொருத்திப் பாருங்கள், பொருந்தாது.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியில் பாருக்குப் பஞ்சமில்லை. ஆனால், 2003இல் சில்லறை மது விற்பனையை அரசு எடுத்துக்கொண்ட பிறகு, எங்கள் பகுதித் தொழிலாளிக்குத் தெரிந்த பார் டாஸ்மாக்கை ஒட்டிய தகரக் கொட்டகைதான். பிளாஸ்டிக் டம்ளரும் சுண்டலும் இருக்கும், மேடை இருக்காது. மேடையும் மைக்கும் உள்ள பார் நட்சத்திர ஓட்டலில் இருக்கிறது. அங்கே வாசலிலேயே செருப்பைப் பார்த்து ஆள் பிரிப்பார்கள். சாதி என்ற சொல்லை உச்சரிக்காமலே சாதி பார்க்கும் வாசல் அது.

அப்படியென்றால் நம் பிள்ளைகள் எங்கே தேறினார்கள்? சாவு வீட்டில். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் பந்தல் போட்டு, விடியும்வரை பாடும் கானாதான் அவர்களின் ஹாம்பர்க். இறந்தவரின் பெயரை, வேலையை, கடனை, காதலை உடனுக்குடன் பாட்டில் கட்ட வேண்டும். அழுகிற கூட்டத்தை எழுந்து போகாமல் உட்கார வைக்க வேண்டும். இதைவிடக் கடினமான பயிற்சி எந்தப் பாரில் கிடைக்கும்?

பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவை உருவாக்கியபோது தேடிப் போனது இந்தப் பயிற்சியைத்தான். அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதியில்லாத தமிழர்' என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் அது. 2018 ஜனவரி 6, கீழ்ப்பாக்கம் மேடையில் சட்டியும் பறையும் கிட்டாரும் ஒன்றாக ஒலித்தன. அது மார்கழி. சபாக்களில் வேறு கச்சேரிகள் நடந்துகொண்டிருந்த மாதம். ஆவடியைத் தாண்டி நம் ரயில் போய்ச் சேரும் அரக்கோணத்திலிருந்து அறிவு வந்தார். ஆண்களே பாடிவந்த கானாவை இசைவாணி பாடினார். 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். பாரை மட்டும் நம்பியிருந்தால் அவருக்கு இடம் கிடைத்திருக்குமா?

ஒரு கருத்தரங்கில் கானா பற்றிப் பேசி முடித்ததும் ஒரு பேராசிரியர் என்னிடம், "குடிகாரன் பாட்டுக்கு ஆராய்ச்சியா?" என்று சிரித்தார். பீட்டில்ஸ் மதுவிடுதியில் வாசித்தால் வரலாறு. நம் ஆள் துக்க வீட்டில் பாடினால் குடிகாரன் பாட்டு.

ஒரு குழு வென்றதோடு வேலை முடியவில்லை. இன்றும் திருமுல்லைவாயலில் ஒரு பையனுக்கு டிரம்ஸ் வைத்துப் பழக இடமில்லை. தெருவில் வாசித்தால் போலீஸ் வரும். சென்னை, ஆவடி மாநகராட்சிகளின் சமுதாயக் கூடங்கள் முகூர்த்தம் இல்லாத நாட்களில் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றை மாலை நேரத்தில் கட்டணமில்லாமல் திறந்துவிடுங்கள் என்று கேட்போம். நாம் கேட்பது சலுகை அல்ல, சாவிக்கொத்து. மேடைக்காக இன்னொரு சாவு விழும்வரை நம் பிள்ளைகள் ஏன் காத்திருக்க வேண்டும்?