கழுத்தில் ஷாக், கண்ணெதிரே கோழி

"ரெண்டு ஷாக் குடுங்க, அப்புறம் கோழிப் பக்கமே திரும்பாது." மும்பையின் செம்பூரிலும் மாதுங்காவிலும் நாய் வளர்க்கும் வீடுகளில் இன்று கேட்காமலே கிடைக்கும் ஆலோசனை இது. தாதர்-திருநெல்வேலி ரயிலில் ஊரிலிருந்து ஏற்றிவந்த சிப்பிப்பாறைக் குட்டிக்கு எட்டாவது மாதத்தில் கால் தரையில் பாவாது. பக்கத்துச் சந்தில் நாட்டுக்கோழி மேயும். ஒருநாள் பாய்ந்து கவ்வும். உடனே சண்டை, கோழிக்கு விலை, அன்றிரவே ஆன்லைனில் மின்பட்டைக்கு ஆர்டர். சில ஆயிரம் ரூபாய்தான். கழுத்துப் பட்டையில் தோலைத் தொடும் இரண்டு உலோக முனைகள்; கையில் ரிமோட்; அதில் பீப், அதிர்வு, ஷாக் என்று மூன்று பொத்தான்கள்.

கருவி புதிது, நம்பிக்கை பழையது. அடியாத மாடு படியாது என்று தடியைத் தூக்கிய அதே கை இப்போது பொத்தானை அமுக்குகிறது. தடி எடுத்தவனுக்குக் கொஞ்சம் கை வலித்திருக்கும். இவருக்கு அதுவும் இல்லை.

மின்பட்டை எங்குமே வேலை செய்யாது என்று வாதிட்டால் அது பொய். நியூசிலாந்தில் பறக்கத் தெரியாத கிவிப் பறவையைக் காக்க, காட்டுக்குள் போகும் நாய்களுக்கு இதே பட்டையை மாட்டித்தான் பயிற்சி தருகிறார்கள். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-ல் வெளியிட்ட சோதனையில், ஓடும் பொம்மையைத் துரத்திய நாய்களை மின்பட்டை இரண்டே அமர்வுகளில் நிறுத்தியது. தீனி காட்டிப் பழக்கிய நாய்கள் அந்த அவகாசத்துக்குள் நிற்கவில்லை. ஷாக் பட்டவை வீறிட்டதையும் அதே ஆய்வு பதிவு செய்திருக்கிறது. மின்பட்டைக்காரர்கள் இந்த ஆய்வைத் தாராளமாக மேற்கோள் காட்டலாம். ஆனால் அங்கே பொத்தான் யார் கையில் இருந்தது, நாயின் எதிரே என்ன இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கிவிப் பயிற்சியில் தேர்ந்த பயிற்சியாளர் நிற்கிறார். நாயின் முன்னால் பாடம் செய்த கிவி ஒன்றுதான் இருக்கும்.

தாராவிச் சந்தில் நடப்பதைப் பாருங்கள். நாய் கோழியைப் பார்க்கிறது. காது முன்னால் வருகிறது, வால் அசையாமல் நிற்கிறது. கோழி படபடத்துத் தகரக் கூரைக்கு ஏறுகிறது, நாய் தாவுகிறது. பின்னால் வரும் உரிமையாளர் சட்டைப் பையில் ரிமோட்டைத் தேடி எடுத்து அமுக்குவதற்குள் இரண்டு மூன்று விநாடி போய்விடும். அதற்குள் கோழி கூரையில். நாயின் கண்ணெதிரே இருப்பது தண்ணீர்க் குடத்தோடு வரும் ஒரு பெண், அல்லது பிஸ்கட் தின்கிற நான்கு வயதுப் பிள்ளை. வலி அப்போது வருகிறது. அது எதற்கான வலி என்று பட்டை சொல்லாது. நாயே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். நெருக்கமான சந்தில் அதற்கு ஆளுக்குப் பஞ்சமில்லை.

இது கற்பனைப் பயம் அல்ல. எல்லை தாண்டினால் தானே வேலை செய்யும் மின்வேலிப் பட்டையில் ஷாக் வாங்கிய நாய்கள் அருகிலிருந்த மனிதர்களைக் கடித்த ஐந்து சம்பவங்களை ரிச்சர்ட் போல்ஸ்கி 2000-ல் ஆய்விதழில் விவரித்தார். நெதர்லாந்தின் ஷில்டரும் வான் டெர் போர்க்கும் 2004-ல் எழுதியது இன்னும் சங்கடமானது: ஷாக்கில் பழகிய ஜெர்மன் ஷெப்பர்டுகள் பயிற்சி மைதானத்துக்கு வெளியே, பூங்காவில் நடக்கும்போதுகூட, எஜமானர் பக்கத்தில் இருந்தாலே ஒடுங்கின. கோழிக்குப் பயப்படக் கற்றுக்கொடுக்கப் போய், சோறு போடுகிற கைக்குப் பயப்படக் கற்றுக்கொடுத்தாயிற்று. ஹானோவரில் பீகிள் நாய்களை வைத்து 2007-ல் வெளியான ஆய்வு நேரத்தின் அருமையைக் காட்டுகிறது. இரைப் பொம்மையைத் தொட்ட அந்தக் கணத்திலேயே ஷாக் வாங்கிய நாய்களைவிட, காரணம் புரியாமல் வாங்கிய நாய்களுக்கே மன அழுத்தச் சுரப்பு மிக அதிகம். நம் சந்துகளில் நடப்பது இரண்டாவது வகை.

சரி, தேர்ந்த கையே அமுக்கட்டும். பிரிட்டனின் லிங்கன் பல்கலைக்கழகம் 63 நாய்களை மூன்று குழுவாகப் பிரித்துப் பார்த்தது. ஆட்டைத் துரத்துவதும் கூப்பிட்டால் வராததும்தான் அவற்றின் குறை. மின்பட்டைக் குழுவுக்குப் பட்டை உற்பத்தியாளர்களே அங்கீகரித்த பயிற்சியாளர்கள். 2014-ல் வந்த முடிவு: ஷாக்கால் கூடுதல் பலன் ஏதும் நிரூபணமாகவில்லை, பதற்றம் மட்டும் கூடியது.

"ரத்த ருசி பார்த்த நாயைத் திருத்தவே முடியாது" என்பது இதோடு ஒட்டிவரும் இன்னொரு கதை. நாயைக் கிளப்புவது ரத்தமல்ல, சிறகடிப்பு. முயல் துரத்தவென்றே தலைமுறை தலைமுறையாக வளர்த்த இனத்தைப் பத்துக்குப் பத்து அறையில் நாள் முழுக்கக் கட்டிப்போட்டு, சாயங்காலம் பத்து நிமிடம் அவிழ்த்துவிட்டால் அது கோழியைத் துரத்தாமல் வேறென்ன செய்யும்?

கோழியும் நாயும் ஒன்றாக வாழ முடியும் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு நல்ல சாட்சி உண்டு. விக்டோரியா மாநிலத்தின் வார்னம்பூலில் மேய்ச்சல் கோழி வளர்த்த ஆலன் மார்ஷ், அவற்றை நரியிடமிருந்து காக்க மரெம்மா நாய்களையே வைத்திருந்தார். பக்கத்திலுள்ள மிடில் தீவில் பென்குவின்கள் 2005-ல் பத்துக்கும் கீழே குறைந்தபோது, 2006-ல் இந்த நாய்கள் அங்கே காவலுக்குப் போயின. பறவைகள் மறுபடி பெருகின. மரெம்மா காவல் இனம், சிப்பிப்பாறை வேட்டை இனம், இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் கண் திறந்த சில வாரங்களிலிருந்தே கோழியைப் பார்த்து வளரும் குட்டிக்கு அது அதிசயமாகத் தெரிவதில்லை. ஊரில் குஞ்சோடு திரியும் தாய்க்கோழி மூக்கில் ஒரு கொத்து கொத்தினால் குட்டி அடுத்தமுறை சுற்றிப்போகும்.

வளர்ந்துவிட்ட நாய்க்கு? கோழியைக் கம்பிவலைக்குள் விட்டு, நாயைப் பத்து மீட்டர் கயிற்றில் பிடித்து, தீனியை வாங்கித் தின்னும் அளவுக்கு அதன் நிதானம் மிஞ்சும் தூரத்தில் நிறுத்த வேண்டும். கோழியிலிருந்து பார்வையைத் திருப்பும்போதெல்லாம் ஒரு துண்டு ஈரல். தூரத்தை மெல்லக் குறைக்க வேண்டும். வாரக்கணக்கில் ஆகும். அதற்குமுன் விடியற்காலையில் நல்ல ஓட்டம். இதையெல்லாம் செய்த பிறகும் ஆளில்லாத நேரத்தில் கோழிக்கூட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டும். தாழ்ப்பாள் போட வேண்டியவர் மனிதர்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

தெருநாய்களைக் கொன்றதை எதிர்த்து 1832-ல் கடையடைத்துப் போராடிய நகரம் இது. பிராணிவதைத் தடுப்புச் சங்கம் இங்கே 1874-லேயே தொடங்கிவிட்டது. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் விடாமல் பேசியதன் பலனாக 1960-ல் வந்த பிராணிவதைத் தடுப்புச் சட்டம், விலங்குக்குத் தேவையற்ற வலி தருவதைக் குற்றம் என்கிறது. முதல் குற்றத்துக்கு அது வைத்த அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய். வேல்ஸ் 2010-லேயே நாய்க்கும் பூனைக்கும் மின்பட்டை மாட்டுவதைத் தடைசெய்துவிட்டது. இங்கேயும் அப்படியொரு தடை வரட்டும். அதுவரை, ஆர்டர் போட விரல் துடிப்பவர்கள் அந்தப் பணத்தில் ஒரு நீளக் கயிறும் கம்பிவலையும் வாங்கட்டும்.