கத்தி இருக்கு, மாத்திரை இருக்கா? புதுச்சேரி வீடுகள் எதற்குத் தயாராக வேண்டும்?

ராணுவ டிசைன் பேக், மடக்குக் கத்தி, தீ மூட்டும் கல், கேஸ் மாஸ்க். 'சர்வைவல் கிட்' என்று ஆன்லைனில் தேடினால் வரிசையாக வந்து நிற்பவை இவைதான். 2025 மே 7-ம் தேதி நாடு முழுவதும் போர்க்கால பாதுகாப்பு ஒத்திகை நடந்தது. புதுச்சேரியிலும் நடந்தது. "நாமும் ஏதாவது வாங்கி வைக்கணுமோ?" என்ற கேள்வி அப்போது பலருக்கும் வந்திருக்கும்.

நியாயமான கேள்விதான். ஆனால், புதுச்சேரிக்கான பதிலை அந்த ஷாப்பிங் லிஸ்ட்டில் தேடினால் கிடைக்காது. 2024 நவம்பர் 30 இரவைத் திரும்பிப் பார்த்தால் கிடைக்கும்.

அந்த இரவில் என்ன நடந்தது?

ஃபெஞ்சல் புயல் அன்று இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 70-80 கி.மீ. 2011 டிசம்பர் 30-ல் வந்து ஊரையே புரட்டிப்போட்ட தானே புயலோடு ஒப்பிட்டால் இது குறைவுதான். பிரச்சினை வேறு இடத்தில் இருந்தது. கரையைக் கடந்த பிறகும் புயல் பல மணி நேரம் நகராமல் அங்கேயே நின்றது. 24 மணி நேரத்தில் சுமார் 48 செ.மீ. மழை கொட்டியது. புதுச்சேரிக்கு ஓர் ஆண்டில் கிடைக்கும் மழையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், ஒரே நாளில்!

நள்ளிரவு தாண்டி மாவட்ட நிர்வாகம் ராணுவத்தின் உதவியைக் கேட்டது. வீரர்கள் சென்னையில் இருந்து சுமார் 160 கி.மீ. தூரத்தை அந்த மழையிலேயே கடந்து, விடியும் நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். காலை 6 மணிக்கு மேல் மீட்புப் பணி தொடங்கியது. கிருஷ்ணா நகரில் சில இடங்களில் 5 அடி வரை தண்ணீர். முதல் இரண்டு மணி நேரத்திலேயே 100-க்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள்.

இதைவிட வேகமாக வருவது கஷ்டம். அப்படியும், தண்ணீர் வீட்டுக்குள் ஏறியதற்கும் படகு வாசலுக்கு வந்ததற்கும் நடுவில் பல மணி நேர இருட்டு இருந்தது. படகு, ரப்பர் டிங்கி, கயிறு, லைஃப் ஜாக்கெட் எல்லாம் அவர்கள் கொண்டுவருவார்கள். வீட்டில் இருப்பவர்கள் தயாராக வேண்டியது அந்த இடைவெளிக்கு.

ராணுவப் பொருள் வாங்கினால் என்ன தப்பு?

முதல் சிக்கல், சட்டம். வெளிநாட்டு யூடியூபர்கள் 'கட்டாயம் வேண்டும்' என்று காட்டும் சாட்டிலைட் போனை இந்தியாவில் அனுமதி இல்லாமல் வைத்திருப்பது குற்றம். இது தெரியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையங்களிலேயே சிக்கியிருக்கிறார்கள். முறையான அனுமதி விவரம் இல்லாமல் வாக்கி டாக்கி விற்ற ஆன்லைன் தளங்களுக்கு 2025 மே மாதம் மத்திய அரசு நோட்டீஸ் அனுப்பியது. கத்தியிலும் கவனம் தேவை. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ, 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள பிளேடு, வீட்டு வேலை, விவசாயம் போன்ற பயன்பாட்டுக்கு இல்லை என்றால் ஆயுதச் சட்ட விதிகளுக்குள் வந்துவிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல், இவை எதுவும் வயிற்றையும் உடம்பையும் காப்பாற்றாது என்பது. இதைப் புதுச்சேரியின் வரலாறே சொல்கிறது. 1760-61ல் ஆங்கிலேயர் இந்த ஊரை முற்றுகையிட்டபோது பிரெஞ்சுக்காரர்களிடம் கோட்டை இருந்தது, பீரங்கி இருந்தது. 1761 ஜனவரி 1-ம் தேதி அடித்த புயலில் ஆங்கிலேயரின் கப்பல்கள் சில உடைந்தும் போயின. இருந்தும் அதே மாதத்தின் நடுவில் ஊர் சரணடைந்தது. முக்கியக் காரணம், உள்ளே சாப்பாடு தீர்ந்துவிட்டது.

அப்படியென்றால் எது முக்கியம்?

மாத்திரை. இந்தியாவின் தேசிய அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில், 2022 திருத்தத்தின்படி 384 மருந்துகள் உள்ளன. ஒரு நாட்டுக்கே பட்டியல் இருக்கும்போது, ஒரு வீட்டுக்கும் பட்டியல் இருக்க வேண்டும். அதில் பெரும்பாலும் 5, 6 பெயர்கள்தான் இருக்கும். அப்பாவின் சுகர் மாத்திரை, அம்மாவின் தைராய்டு மாத்திரை, தாத்தாவின் பிரஷர் மாத்திரை, குழந்தையின் இன்ஹேலர்.

சில பிரஷர் மாத்திரைகளைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. வலிப்பு மாத்திரை நாள் தவறினால் வலிப்பு திரும்ப வரலாம். பத்தே நிமிடத்தில் மருந்தைக் கொண்டுவரும் ஆப், முழங்கால் தண்ணீரில் வராது. அக்டோபர் தொடங்கும்போதே, டாக்டரிடம் சொல்லி இரண்டு வாரத்துக்கான மருந்தைக் கூடுதலாக வாங்கி வைப்பது நல்லது. பழையதை முதலில் சாப்பிட்டு, புதியதை இருப்பில் வைத்தால் காலாவதி ஆகாது.

இன்சுலின் போடுபவர்களுக்குக் கரன்ட் போனதும் பயம் வரும். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். ஆனால், பயன்பாட்டில் இருக்கும் பெரும்பாலான வகைகள், 25-30 டிகிரிக்கு மிகாத இடத்தில் சுமார் 4 வாரம் தாங்கும். சரியான நாள் கணக்கு அட்டைப்பெட்டியிலேயே இருக்கும். வெயில் படாமல், அடுப்பின் சூடு படாமல் மண்பானையில் வைக்கலாம். ஐஸ்கட்டி மேல் நேரடியாக வைக்கக் கூடாது. உறைந்துபோன இன்சுலின் வீண்.

ஆன்டிபயாடிக்கை மட்டும் வாங்கிக் குவிக்க வேண்டாம். வெள்ளத் தண்ணீரில் நடந்தவர்களுக்கு எலிக்காய்ச்சல் அபாயம் உண்டு. ஆனால், அதற்கான மாத்திரை யாருக்கு, எவ்வளவு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

பையில் வேறு என்ன?

* குடிநீர்: ஒருவருக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர். நான்கு பேருக்கு 3 நாள் என்றால் 36 லிட்டர். அதாவது இரண்டு 20 லிட்டர் கேன்.
* மருந்துச் சீட்டு: போனில் போட்டோ போதாது. பேப்பர் நகல் ஒன்று, பிளாஸ்டிக் கவருக்குள்.
* பணம்: டவர் போனால் யுபிஐயும் போய்விடும். கொஞ்சம் சில்லறை நோட்டு.
* டார்ச், சார்ஜ் போட்ட பவர் பேங்க், ஓஆர்எஸ் பாக்கெட், சமைக்காமல் சாப்பிடக்கூடிய அவல், பொட்டுக்கடலை, பிஸ்கட்.

ஃபெஞ்சல் வந்த அதே நவம்பரில்தான் சுவீடன் அரசு, போரோ பேரிடரோ வந்தால் என்ன செய்வது என்ற கையேட்டை வீடு வீடாக அனுப்பியது. போர் பயத்தில் வந்த கையேடுதான். ஆனாலும் அது மக்களிடம் வலியுறுத்தியது, ஒரு வாரத்துக்குத் தண்ணீர், சாப்பாடு, மருந்து.

எல்லாமே வீட்டின் பொறுப்பா?

இல்லை. இரண்டு வார மருந்தைக் கூடுதலாக வாங்க எல்லோரிடமும் பணம் இருக்காது. அரசு மருத்துவமனையில் மாத்திரை வாங்குபவர்களுக்கு அடுத்த தேதி வரைக்கும்தான் கையில் இருக்கும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே அவர்களுக்கு இரண்டு வாரத்துக்குக் கூடுதலாகக் கொடுப்பதைப் புதுச்சேரி அரசு வழக்கமாக்கலாம். பக்கத்தில் தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் 2021 முதல் சுகர், பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே போகின்றன. செய்ய முடியாத காரியம் இல்லை.

தெருவுக்கும் ஒரு வேலை இருக்கிறது. எந்த வீட்டில் டயாலிசிஸ் செய்பவர் இருக்கிறார், யார் இன்சுலின் போடுகிறார், எந்தப் பாட்டி தனியாக இருக்கிறார் என்பது பக்கத்து வீட்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும். விடியற்காலையில் படகு வரும்போது, முதலில் எந்த வாசலுக்குப் போக வேண்டும் என்று கை காட்ட ஒருவர் வேண்டும். அது வாட்ஸ்அப் குழுவில் 'குட் மார்னிங்' அனுப்புவதைவிடக் கஷ்டமான வேலை ஒன்றும் இல்லை.