ராஜா பைபிளும் ராஜநாயக்கனும்

சரபோஜி மன்னருக்கு சுவார்ட்ஸ் ஐயர் கொடுத்த பைபிளாம். தரங்கம்பாடியில் 1715இல் அச்சான புதிய ஏற்பாடு. 2005இல் சரஸ்வதி மகாலில் காணாமல்போனதை, லண்டனில் இருப்பதாக 2022இல் சிலைக் கடத்தல் தடுப்புப் போலீஸ் கண்டுபிடித்தது. நல்லது. ராஜா தொட்ட புத்தகமாச்சே!

அதே அச்சகத்துச் சுவிசேஷத்தை வாசித்த தஞ்சாவூர்ப் படைவீரர் ராஜநாயக்கனை யார் தேடினார்கள்? பறையர். 1727இல் தரங்கம்பாடிச் சபையில் சேர்ந்து உபதேசியாக அலைந்தார். குருப்பட்டம் மட்டும் இல்லை. பறையன் கையால் இராப்போஜனம் வாங்குவதா என்றார்கள் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள். மிஷனரிகளும் பணிந்தார்கள். 1733இல் ஆரோன், 1741இல் தியோகோ. பட்டம் பெற்ற ரெண்டு பேருமே வெள்ளாளர்.

செங்கல்பட்டுப் பக்கத்துச் சேரிகளிலும் டிரங்குப் பெட்டிக்குள் குடும்பப் பைபிள் கிடக்கும். முன்தாளில் தாத்தா கையெழுத்தில் பிறப்பு, இறப்புத் தேதிகள். சபைப் பெரியவர்களே, கரையான் அரிக்குமுன் அதைப் படியெடுக்க எப்போ வரப்போறீங்க?