கண் மறைவில் நடக்கும் வேலை

தமிழக அரசு 2011ஆம் ஆண்டு தொடங்கி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினிகளை வழங்கியது. அவற்றுள் பலவற்றில் விண்டோஸுடன், சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இடம்பெற்றிருந்தது. லினக்ஸின் கறுப்புத் திரையைக் கண்டு தயங்கும் பிள்ளைகளுக்கு அதன் பயன் ஒன்றை இம்மாதம் எடுத்துரைப்போம்.

பாட்டனார் விட்டுச்சென்ற 300 பக்கத் தமிழ் நூலை உங்கள் பிள்ளை படம்பிடித்து வைத்திருப்பதாகக் கொள்வோம். படத்தை எழுத்தாக்கும் டெசராக்ட் மென்பொருளைப் பக்கம் பக்கமாக இயக்கும்படி ஒரு கட்டளைத் தொகுப்பை எழுதி ஏவுகிறான். அது முடியும்வரை அந்தத் திரையில் வேறு கட்டளை இட இயலாது. கட்டளையின் இறுதியில் '&' குறியை இட்டால் வேலை பின்னணிக்குச் செல்லும்; திரை அடுத்த கட்டளைக்கு ஆயத்தமாகும்.

அந்தச் சாளரத்தை மூடினால் என்னவாகும்? பெரும்பாலும் வேலையும் நின்றுவிடும். காரணம் பழையது. 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸைத் தொடங்கினர். அக்காலத்தில் தொலைவிலிருந்தோர் தொலைபேசிக் கம்பி வழியே கணினியுடன் இணைந்தனர். இணைப்பு அறுந்தால், 'தொலைபேசி வைக்கப்பட்டது' என்னும் பொருளுடைய சைகை அவர்கள் ஏவிய வேலைகளுக்குச் சென்று அவற்றை நிறுத்தும். யூனிக்ஸ் வழிவந்த லினக்ஸிலும் அச்சைகை உண்டு. சாளரத்தை மூடினாலும் அதுவே செல்கிறது.

இதற்கு மருந்து 'நோஹப்' என்னும் கட்டளை. என், ஓ, எச், யூ, பி என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளைக் கட்டளையின் முன்னும், '&' குறியைப் பின்னும் இட்டால், வேலை அச்சைகையைப் பொருட்படுத்தாது தொடரும். திரையில் தோன்றவேண்டிய செய்திகள் ஒரு கோப்பில் சேர்ந்துவிடும்.

எனினும் இதற்கும் எல்லை உண்டு. மடிக்கணினியின் மூடியைச் சாத்தினால் பொதுவாகக் கணினியே உறங்கிவிடும். திறந்த பின்னரே வேலை தொடரும். மின்சாரம் போய் மின்கலமும் தீர்ந்தால் வேலை அழியும். ஆதலால், முடிந்த பக்கங்களை விட்டு எஞ்சியவற்றை மட்டும் செய்யுமாறு தொகுப்பை எழுதுவதே அறிவுடைமை.

கலந்த மருந்தைக் கவனிப்பாரின்றி விட்டுச் செல்லலாகாது என்பதை வெம்பக்கோட்டைப் பட்டாசுத் தொழிலாளர் நன்கறிவர். கணினியிலும் கண் மறைவில் விட்ட வேலைக்கு ஏவியவரே பொறுப்பாளி. பிழையான தொகுப்பு இரவெல்லாம் ஓடி வட்டை நிரப்பிவிடக்கூடும். 'பிஎஸ்' கட்டளையால் ஓடும் வேலைகளின் எண்ணை அறியலாம். வேண்டாததைக் 'கில்' கட்டளையுடன் அவ்வெண்ணை இட்டு நிறுத்தலாம். ஏவக் கற்பிக்கும் அன்றே நிறுத்தவும் பிள்ளைகளுக்குக் கற்பியுங்கள்.