மலிவுதானே என்று விடாதீர்கள்

பாரிட் புந்தார் கடைத்தெருவில் வாங்கிய மின்விசிறி ஒரே வாரத்தில் நின்றுபோனால் நமக்கு எரிச்சல் வரும். கீழே விழுந்தாலே வெடித்துவிடும் கைத்துப்பாக்கி என்றால்?

அமெரிக்காவில் துத்தநாகக் கலவையை வார்த்துச் செய்த மலிவு ரிவால்வர்கள் ஒரு காலத்தில் தாராளமாக விற்றன. 1968-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த ரகங்களின் இறக்குமதியைத் தடுத்தது. ஜெர்மனியின் ரோம் நிறுவனமோ மியாமியிலேயே ஆலை வைத்து, பாகங்களைப் பூட்டி விற்றது. 1972-இல் வந்த பயனீட்டுப் பொருள் பாதுகாப்புச் சட்டமும் துப்பாக்கியைத் தொடவில்லை. கோளாறான பொம்மைத் துப்பாக்கியைத் திரும்பப் பெறும்படி அந்த அரசு உத்தரவிடலாம். நிஜத் துப்பாக்கிக்கு அது முடியாது. வாங்கியவர் தயாரிப்பாளரின் நல்ல மனத்தை நம்ப வேண்டும். இல்லையேல் வழக்கறிஞரைத் தேட வேண்டும்.

நம் நாட்டில் துப்பாக்கி சாமானியர் கைக்கு எட்டாது, அது நிம்மதி. வீட்டுக்கு வாங்கும் மற்றப் பொருள்களுக்கு 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கிறது. கடைக்காரர் கைவிரித்தால், பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி, 50,000 ரிங்கிட் வரை இழப்பீடு கோரலாம். வழக்கறிஞர் தேவையில்லை. ‘மலிவுதானே, போகட்டும்’ என்று நாம் விட்டுவிடுவதுதான் மட்டமான சரக்குக்கு உரம். அடுத்த முறை ரசீதைக் கடை வாசலிலேயே கசக்கி எறியாதீர்கள்.