108 சாமான் பெட்டியும் ஒரு நாட்கூலியும்

சம்பளம் இந்நாளில் வங்கிக் கணக்கில் விழுகிறது. கிராணியார் மேசை முன்னே வரிசை பிடித்து நின்ற காலம் போய்விட்டது. ஆனாலும் எந்தத் தோட்டத்தில் எந்தத் தேதிக்குச் சம்பளம் விழுகிறதென்பது தவணைச் சாமான் விற்க வருகிறவர்களுக்கு மட்டும் எப்படியோ தெரிந்துவிடுகிறது. முன்னே சேலை வந்தது, பித்தளைக் குடம் வந்தது. பிறகு வானொலிப் பெட்டியும் சுவர்க் கடிகாரமும் வந்தன. இப்போது லயத்து வாசலுக்கு ஸ்பேனர்ப் பெட்டி வந்து நிற்கிறது.

கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி. திறந்தால் உள்ளே 108 சாமான்கள், கண்ணாடி போல் மின்னுகின்றன. (108 என்ற எண்ணில் நம்மவர்களுக்கு ஒரு தனி மயக்கம் உண்டு, சங்காபிஷேகத்துக்கு அது பொருத்தம்தான்.) மாதம் 15 வெள்ளி, 12 மாதத் தவணை. "மோட்டார் சைக்கிளை இனிமேல் நீங்களே பழுது பார்த்துக் கொள்ளலாம், அண்ணே" என்று சொல்கிறார்கள். கூட்டிப் பார்த்தால் 180 வெள்ளி. 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமலுக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. வாரத்தில் ஆறு நாள் வேலை செய்கிறவருக்கு நாளொன்றுக்கு 65 வெள்ளி 38 காசு. ஆகவே அந்தப் பெட்டியின் விலை ஏறக்குறைய மூன்று நாள் உழைப்பு.

தொழிற்சங்கப் பத்திரிகையில் ஸ்பேனரைப் பற்றி என்ன தலையங்கம் என்று சில தோழர்கள் சிரிக்கக்கூடும். சம்பளம், வீடு, தமிழ்ப் பள்ளி என்று எழுத வேண்டிய விஷயங்கள் ஆயிரம் இருக்க, இதற்கு இடம் ஒதுக்குவானேன் என்று கேட்கக்கூடும். நாம் கேட்கிறோம்: இன்று தோட்டத்தில் மோட்டார் சைக்கிள் இல்லாமல் என்ன நடக்கிறது? விடியுமுன்னே பெரட்டுக்குப் போவது அதில். பால் வெட்டப் பல மைலுக்கு அப்பாலுள்ள டிவிஷனுக்குப் போவது அதில். பிள்ளையைப் பள்ளியில் விடுவதும், பட்டணத்துத் தொழிற்சாலையில் இரவு வேலைக்கு மகன் போவதும், அம்மாவை மருத்துவமனைக்குக் கொண்டுபோவதும் அதில்தான். செம்மண் சடக்கில் செயின் கழன்று நின்றுவிட்டால் அன்றைய பேர் போயிற்று. ஒரு சாதாரண நட்டு நம்முடைய 65 வெள்ளியைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறது. இது கூலிப் பிரச்னை அல்லாமல் வேறென்ன?

நம் தொழிலாளிக்கு ஆயுதத்தின் தரம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. பால் வெட்டும் கத்தியை அவர் எப்படி வாங்குகிறார் பாருங்கள். கைப்பிடியின் வர்ணத்தைப் பார்ப்பதில்லை. எத்தனை கத்தி சேர்ந்து வருகிறது என்று கேட்பதில்லை. இரும்பைத் தட்டிப் பார்க்கிறார், கல்லில் தீட்டிப் பார்க்கிறார், விரல் நகத்தில் வைத்து முனை நிற்கிறதா என்று பார்க்கிறார். ஏனென்றால் கெட்ட கத்தி மரத்தில் காயம் போட்டுவிடும். காயம் பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாய் வளரும்; அந்த இடத்தில் பிறகு கத்தி ஓடாது. அதே கண்ணும் அதே கையும் ஸ்பேனர் வாங்கும்போது எங்கே போய்விடுகின்றன?

கெட்ட ஸ்பேனரும் காயம்தான் போடுகிறது. இதைப் பிறர் சொல்லக் கேட்டு எழுதவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னே இப்படிப்பட்ட பெட்டி ஒன்றை நாமும் வாங்கினோம். முதல் ஞாயிற்றுக்கிழமை எஞ்சின் எண்ணெய் மாற்ற உட்கார்ந்தோம். அடியிலுள்ள போல்ட்டின் மீது 17 என்று அச்சடித்த ஸ்பேனரை மாட்டி ஒரு இழுப்பு இழுத்தோம். போல்ட் அசையவில்லை, ஸ்பேனரின் வாய் விரிந்தது. பிடிவாதமாக மறுபடி இழுத்தோம். போல்ட்டின் ஆறு மூலையும் மழுங்கி உருண்டையாயிற்று. நம் விரல் முட்டி எஞ்சினில் மோதித் தோல் உரிந்தது. மறுநாள் வண்டியை வேனில் ஏற்றிப் பட்டறைக்கு அனுப்பினோம். வேன் வாடகை, போல்ட்டை வெட்டி எடுத்த கூலி, கெட்டுப்போன மரையைச் சரிசெய்த கூலி, போதாக்குறைக்கு ஒரு நாள் பேர். தவணையில் இன்னும் பதினொரு மாதம் பாக்கி இருந்தது!

அந்தப் பெட்டி செய்த தவறு என்ன? மின்னியது குரோம் பூச்சு. பூச்சுக்கு அடியில் இருந்தது மெத்தென்ற மட்ட இரும்பு. நல்ல ஸ்பேனரைக் குரோமும் வெனேடியமும் கலந்த எஃகில் அடித்து, சூடேற்றிப் பதப்படுத்திச் செய்கிறார்கள். அந்த எஃகின் பெயரை எதன் மேலும் பொறித்துவிட முடியும் என்பதால், பொறித்த எழுத்தை மட்டும் நம்பிவிடக் கூடாது. நாம் சொல்லும் வழி எளிது. கடைக்குப் போகும்போது பட்டறையில் கழித்துப் போட்ட நல்ல மூலையுள்ள பழைய போல்ட்டுகள் நாலைந்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். ஸ்பேனரை அதில் மாட்டிப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். கத்திக் கடையில் நாம் கல்லைக் கேட்பதில்லையா?

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. ஜப்பான் கம்பெனிகளின் கப்சாய் வண்டிகள் யாவும் மில்லிமீட்டர் கணக்கில் செய்யப்பட்டவை. 8, 10, 12, 14, 17, 19 ஆகிய ஆறு அளவும் கையிலிருந்தால் வீட்டில் செய்யத்தக்க வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடும். பிளக்குக்கு மட்டும் தனிச் சாக்கெட் வேண்டும். 10 மில்லிமீட்டர் மரையுள்ள சிறு பிளக்குக்கு அது 16. சில வீடுகளில் தகப்பனார் காலத்து இஞ்சுக் கணக்கு ஸ்பேனர்கள் கிடக்கின்றன. நல்ல எஃகுதான், மறுக்கவில்லை. ஆனால் அரை இஞ்சு என்பது 12.7 மில்லிமீட்டர். அதை 12 போல்ட்டில் மாட்டுவது தம்பிக்கு அண்ணன் சப்பாத்தைப் போடுவது போல. முக்கால் இஞ்சு மாத்திரம் 19க்கு ஏறக்குறையச் சரியாக உட்காரும்.

ஒரு முனை திறந்த வாயும் மறுமுனை வளையமுமாக உள்ள ஸ்பேனரையே வாங்கவும். வாய் இரண்டே பக்கத்தைப் பிடிக்கிறது. வளையம் சுற்றிலும் பிடிக்கிறது. ஆகையால் இறுகிய போல்ட்டை முதலில் அசைப்பது வளையத்தின் வேலை. அசைந்த பிறகு வேகமாகச் சுழற்றுவதற்குத்தான் வாய். சாக்கெட் வாங்கினால் உள்ளே ஆறு மூலை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பன்னிரண்டு மூலை உள்ளது மாட்டுவதற்குச் சுலபம். ஆனால் போல்ட்டின் மூலையோரமாகவே அழுத்தும், துருப்பிடித்த போல்ட்டானால் மழுக்கிவிடும். நம் சடக்கின் சேற்றிலும் மழையிலும் துருப்பிடிக்காத போல்ட் ஏது? பட்டணத்துப் பட்டறைக்காரர்கள் கையில் எப்போதும் இருக்கும் டி ஸ்பேனரில் 8, 10, 12 மூன்றும் வாங்கிக்கொண்டால் நல்லது. வாயைத் திருகித் திருகிப் பெரிதாக்கும் ஸ்பேனரை எல்லா அளவுக்கும் ஒன்று என்று நம்புகிறவர்கள் உண்டு. வேறு வழியில்லாதபோது மட்டும் அதை எடுங்கள். எடுத்தால் அசையாத தாடையின் மேல் பாரம் விழும்படி இழுங்கள்.

திருப்புளியைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கேதான் மிகப் பலர் ஏமாந்திருக்கிறார்கள். ஜப்பானிய வண்டியில், முக்கியமாகப் பழைய வண்டியில், எஞ்சின் மூடியைப் பிடித்திருக்கும் நட்சத்திரத் திருகு பார்வைக்குச் சாதாரண பிலிப்ஸ் திருகு போலவே இருக்கும். ஆனால் அது ஜே.ஐ.எஸ். என்னும் ஜப்பானியத் தர அளவில் வெட்டப்பட்டது. குழியின் வளைவு சற்றே வேறு. பிலிப்ஸ் திருப்புளி அதில் முழுதும் இறங்காது. பலங்கொடுத்ததும் மேலே ஏறிக் குழியைத் தின்றுவிடும். பல திருகுகளின் தலையில் சிறு புள்ளி ஒன்று அடையாளமாக இருக்கும். ஜப்பானிய அளவில் செய்த இரண்டாம் நம்பர்த் திருப்புளி ஒன்று போதும். வெசல் போன்ற ஜப்பான் கம்பெனிகள் செய்கின்றன. விலை சற்று அதிகம். இருந்தாலும், முதலில் வாங்க வேண்டிய சாமான் எது என்று நம்மைக் கேட்டால் இதைத்தான் சொல்வோம். "இத்தனை வருஷமாய்த் திருகு தின்றுபோவது என் கைப்பழக்கம் சரியில்லாததால் என்றல்லவா நினைத்திருந்தேன்" என்றார் சகோதரி ஒருவர், நம் கிளைக் கூட்டத்தில். கைப்பழக்கத்தில் குறை இல்லை, அம்மா. கையில் கொடுத்த சாமானில்தான் குறை.

கழற்றுவதைவிட இறுக்குவதில் நம் இளைஞர்கள் அதிகக் கேடு செய்துகொள்கிறார்கள். பலமாக இறுக்கினால் பத்திரம் என்று எண்ணம். போல்ட் எஃகு, அது இறங்கும் எஞ்சின் பெட்டியோ அலுமினியம். எண்ணெய்ப் போல்ட்டுக்குக் கைப்புத்தகத்தில் சொல்லியிருக்கும் இறுக்கம் இந்த வண்டிகளில் பெரும்பாலும் 25 நியூட்டன் மீட்டரைச் சுற்றியே இருக்கும். இந்தக் கணக்கை இப்படிப் புரிந்துகொள்ளலாம்: கால் மீட்டர் நீளமுள்ள கைப்பிடியின் முனையில் 10 கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டால் என்ன பாரமோ, அவ்வளவுதான். அதற்குமேல் காலால் மிதித்து இறுக்குவது மரையை அறுப்பதற்குச் சமானம். பிளக்கை எஞ்சின் ஆறிய பிறகு, முதலில் விரலாலேயே திருகி இறக்கவும். விரலுக்கு இறங்காவிட்டால் மரை கோணிக்கொண்டது என்று அர்த்தம். எடுத்து மறுபடி வைக்கவும்.

இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனர் என்று ஒன்று உண்டு. நல்லது ஒன்றைத் தனியாள் வாங்குவது கஷ்டம், வருஷத்தில் நாலைந்து தடவைதான் தேவைப்படும். இங்கேதான் நாம் சங்கத்தார் என்பதை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960ஆம் ஆண்டு, துன் வீ.தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டத்தையே வாங்கியவர்கள் நம் தாய் தகப்பன்மார்கள். ஒரு லயத்தில் பன்னிரண்டு வீடு சேர்ந்து வீட்டுக்கு 15 வெள்ளி ஒரே ஒரு மாதம் போட்டால், அதே 180 வெள்ளி. அந்தப் பணத்தில் நல்ல ஸ்பேனர் ஆறு, ஜப்பானியத் திருப்புளி, பிளக் சாக்கெட் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பொறுக்கி வாங்கத் தொடங்கலாம். மறுமாதம் இன்னொரு 15 போட்டால் டார்க் ஸ்பேனருக்கும் வழி பிறக்கும்.

பட்டறைக்காரர்களின் பிழைப்பில் மண் போடச் சொல்லுகிறோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். எண்ணெய், பிளக், செயின், காற்று வடிகட்டி இவைதான் வீட்டு வேலை. பிரேக்கில் சந்தேகம் இருந்தாலோ, எஞ்சினைப் பிரிக்க வேண்டியிருந்தாலோ தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். உயிர் போகும் விஷயத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது. பழைய எண்ணெயைக் காண்டாவில் ஊற்றாமல் தகரத்தில் பிடித்து அந்தப் பட்டறையிலேயே கொடுத்துவிடலாம்.

சாமான் எங்கே வாங்கினாலும் ரசீது கேட்டு வாங்குங்கள். வாசலில் விற்கிறவர் ரசீது தரத் தயங்கினால் அதுவே போதிய பதில். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி வழக்குப் பதியலாம், வக்கீல் வைக்கத் தேவையில்லை. நம்மிடம் அன்று ரசீது இல்லை. அதனால் மிச்சத் தவணையையும் கட்டித் தீர்த்தோம்.

அடுத்த மாதக் கிளைக் கூட்டங்களில் இந்தப் பொதுப் பெட்டி விஷயத்தைப் பேச்சுக்கு எடுக்கும்படி காரியதரிசிகளைக் கேட்டுக்கொள்கிறோம். பெட்டி யார் வீட்டில் இருப்பது என்று சண்டை வரும். வரட்டும், முதலிலேயே பேசித் தீர்த்துவிடுங்கள். இரவு வேலைக்குப் போகாத வீடாக இருந்தால் நல்லது. ஒரு கணக்குப் புத்தகம் வைத்து, எடுத்தவர் பெயரும் எடுத்த சாமானும் எழுதப்பட வேண்டும். திருப்பி வைக்கும்போது துடைத்து எண்ணெய்த் துணி போட்டு வைக்கவும். டார்க் ஸ்பேனரின் அளவைத் திருகிக் கடைசிக் கோட்டுக்கு இறக்கி வைக்கவும்; இல்லாவிட்டால் உள்ளிருக்கும் சுருள்கம்பி தளர்ந்து, அடுத்த வீட்டுக்காரருக்குத் தப்பு அளவு காட்டும்.